அந்தப் பசளைக் கப்பலைத் திருப்பியது சரிதானா?

வன்னிவயல்:
2021இல் சீனாவிலிருந்து இலங்கைக்குச் சேதனப் பசளையோட வந்த ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பலை இறக்க விடாமல் மறிச்சது தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை. மாதிரியில எர்வினியா பக்டீரியா இருந்தது எண்டவை. கரட், உருளைக்கிழங்கை அழுக வைக்கிற இனம். அரசாங்கம் அவசரப்பட்டு வாங்கின பசளையை அரசாங்க அதிகாரிகளே வேண்டாமெண்டு நிண்டது பெரிய விசயம்.

கடற்கரையான்:
அதுக்குக் குடுத்த விலை 65 லட்சம் டொலருக்கும் மேல. ஒரு பிடி பசளை இறங்கேல்லை, 2022 ஜனவரியில மக்கள் வங்கி காசு கட்டினது. சனம் சமையல் காஸுக்கு வரிசையில நிண்ட காலம் அது. பசளை வித்த சீனக் கம்பனியோ சோதனை முறையே பிழை எண்டது. இதை வெற்றியெண்டு எப்பிடிச் சொல்லுறியள்?

வன்னிவயல்:
காசைத் திரும்ப உழைக்கலாம் அண்ணை. கிருமி மண்ணுக்க இறங்கினால் ஆர் எடுத்துத் தாறது? 2018இல படைப்புழு வந்து சோளச் செய்கை பட்ட பாட்டை அம்பாறைப் பக்கம் கேட்டுப் பாருங்கோ. அந்தப் பூச்சி பறக்கும், மறிக்க ஏலாது. கப்பலை மறிக்கலாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேற எதுக்கு இருக்கு?

பெரும்போகம்:
ரெண்டு பேரும் துறைமுகத்திலயே நிக்கிறியள். கப்பல் ஏன் வந்தது? மே மாதம் ஒரே வர்த்தமானியில இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினதால. நவம்பரில தடையை எடுத்தும், விதைச்ச வயலுக்கு நேரத்துக்கு யூரியா வரேல்லை. பயிர் மஞ்சளாய் நிண்டது, விளைச்சல் விழுந்தது, அடுத்த வருசம் இந்திய அரிசி இறக்கினம். எந்தப் பக்டீரியாவும் எங்களுக்கு இவ்வளவு சேதம் செய்யேல்லை. நாட்டின்ர சோத்தைக் காக்கிறதெண்டால் முதல்ல ஒரு போகத்துக்குக் காணக்கூடிய பசளை கமநல சேவை நிலையக் களஞ்சியத்தில கிடக்கவேணும்.

கடற்கரையான்:
களஞ்சியம் நிரப்பவும் டொலர்தான் வேணும். தடைக்குப் பின்னால இருந்ததே டொலர்த் தட்டுப்பாடு எண்டு அப்பவே கன பேர் சொன்னவை. கையில காசில்லாத நாடு வாசலில நிண்டு கண்டிப்புக் காட்டினால் வயல்தான் காயும்.

வன்னிவயல்:
காசில்லாத நேரம் சோதனையைத் தளர்த்தலாம் எண்டதை நான் ஒருக்காலும் ஏற்கமாட்டன். கண்டதையும் எங்கட தலையில கட்டப் பாக்கிறது அந்த நேரத்திலதான். நட்டம் வரக்கூடாதெண்டால் சோதனையை முன்னுக்குக் கொண்டு போங்கோ. சரக்கு ஏத்த முதல் எங்கட அதிகாரி அங்கயே போய் மாதிரி எடுக்கட்டும். அவர் கையெழுத்தில்லாமல் எந்த வங்கியும் நாணயக் கடிதம், அதாவது வித்தவனுக்குக் காசு கட்டுவம் எண்டு வங்கி குடுக்கிற உறுதி, திறக்கக் கூடாது.