ஒரு ஆளுக்கு 'தே' போடலாமா? கொப்பியில் விழுந்த சிவப்புச் சுழி

உவர்மலை அம்மா
மகள் இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறாள். 'சம்வன் ஹாஸ் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா' என்று ஆங்கில ரியூசன் கொப்பியில் எழுதியிருக்கிறாள். 'தெயர்' என்பதைச் சிவப்புப் பேனையால் சுழித்து, மேலே 'ஹிஸ்' என்று திருத்தியிருக்கிறார்கள். குடையை விட்டுப்போனது ஆணா பெண்ணா என்றே தெரியாதபோது 'ஹிஸ்' எப்படிச் சரியாகும்?

பழைய வாத்தியார்
திருத்தியவர் பக்கம்தான் நான். 'சம்வன்' ஒருமை. அது தெரிந்துதானே பிள்ளை 'ஹாவ்' போடாமல் 'ஹாஸ்' போட்டிருக்கிறது? வினை ஒருமையில் நிற்க, அதே வசனத்தில் பிரதிப்பெயர் பன்மைக்குத் தாவினால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? 'ஹீ டோன்ட்', 'தே வாஸ்' என்று எழுதும் கொப்பிகளை 30 வருடம் திருத்தியிருக்கிறேன். முதலில் எண் பொருத்தம் கைவர வேண்டும். ஆண்பால் பிடிக்காவிட்டால் 'ஹிஸ் ஓர் ஹேர்' என்று எழுதட்டும்.

மூதூர்ப் பொடியன்
ஐயா, இது நேற்று முளைத்த பழக்கமில்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஒரு ஆளுக்குத் 'தே', 'தெயர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆண்பாலே இருவருக்கும் பொது என்ற விதிதான் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள் அதைப் பரப்பின, 1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்ட வாசகங்களுக்கு அதையே விதியாக்கியது. இப்போது நிலைமை வேறு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடே 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் ஒருமைத் 'தே'யை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அப்புறம், 'யூ' என்பதும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருவருக்குத் 'தௌ' இருந்தது. இன்று தனியொருவரிடம் 'யூ ஆர்' என்கிறோம், யாராவது 'யூ இஸ்' என்கிறார்களா?

பழைய வாத்தியார்
சரி தம்பி, வரலாற்றை ஏற்கிறேன். வினைக்குப் பதில் சொல்லவில்லையே. முதல் வசனத்தில் 'சம்வன் ஹாஸ்', அடுத்த வசனத்தில் 'தே ஹாவ்'. ஆள் ஒன்று, வினை இரண்டு.

சீனக்குடா ரீச்சர்
ஐயா, நான் தமிழ் படிப்பிக்கிறவள். அந்த முரண் நமக்குப் புதிதில்லை. மூதூர் பஸ்ஸில் குடை கிடந்தால் கொண்டக்டர் என்ன சொல்லுவார்? 'ஆரோ ஒருத்தர் குடையை விட்டிட்டுப் போயிட்டார்.' ஆள் ஒன்றுதான். 'போயிட்டார்' என்ற முடிவோ பலர்பாலுக்கு உரியது. ஆணா பெண்ணா என்று அவர் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

தொல்காப்பியம் பெயரியலில் 'ஒருவர்' என்ற சொல் இருபாலுக்கும் உரியது, பன்மை முடிபு ஏற்கும் என்று தெளிவாகவே இருக்கிறது. ஆங்கிலத்தின் 'தே' செய்வதும் இதைத்தானே?

ஐயாவுக்குச் சாதகமானதையும் மறைக்கக்கூடாது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியல்ல என்று அதே நூலின் கிளவியாக்கம் சொல்கிறது. ஆனால் வென்றது வழக்குத்தான். 'அவர்' ஒரு ஆளுக்கே போய்விட்டதால்தான் பலருக்கு 'அவர்கள்' என்று இன்னொரு ஈறு ஒட்ட வேண்டியிருந்தது.

பழைய வாத்தியார்
'ஒருவர்' உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ரீச்சர். அதை வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். ஆனாலும் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் எப்படிப்பட்டவர் என்று பிள்ளைக்குத் தெரியாது. புள்ளி பிள்ளையுடையது. பிரதிப்பெயரே வராமல் 'சம்வன் ஹாஸ் லெஃப்ட் அன் அம்ப்ரெல்லா' என்று எழுதச் சொல்லுங்கள், அம்மா.

உவர்மலை அம்மா
மகளிடம் வாசித்துக் காட்டினேன், ஐயா. 'அன் என்றால் ஏதோ ஒரு குடை, அந்த ஆளின்ர சொந்தக் குடை என்று வராதே அம்மா' என்கிறாள். கொப்பியோடு நாளைக்கு ரியூசனுக்குப் போய், அந்த 'ஒருவர்' கதையை நானே சொல்லப்போகிறேன்.