சனிக்கிழமை மூன்று மணி, பஜ்ஜி கிடையாது

குழு: குன்னூர் உல்லன் கூட்டம்

வியாழன்

லலிதா: எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில். மூன்று மணி. மழை விட்டிருந்தால் மாடி, இல்லையென்றால் ஹால். டீ நான் போடுகிறேன். வர்க்கி யாராவது வாங்கி வாருங்கள். பஜ்ஜி மட்டும் வேண்டவே வேண்டாம்.

மும்தாஜ்: பஜ்ஜி என்ன பாவம் செய்தது அக்கா?

லலிதா: போன முறை வெள்ளை நூலில் பட்ட எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. யார் விரல் என்று நான் சொல்ல மாட்டேன்.

போஜன்: வர்க்கி நான் வாங்கி வருகிறேன்.

மும்தாஜ்: விரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது 😄

கீதா: (படம்) இதைக் கொஞ்சம் பாருங்களேன். நெட்டில் கிடைத்த பேட்டர்னை வைத்து வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். முன்பக்கம் 90 ஸ்டிச். அகலம் 50 செ.மீ. வர வேண்டுமாம், எனக்கு 41தான் வருகிறது. 8-ஆம் நம்பர் ஊசி கேட்டிருந்தார்கள், அதையேதான் வாங்கினேன். நூலும் அவர்கள் சொன்ன கனம்தான்.

ராஜம் பாட்டி: பாட்டி சொல்கிறார், பேரன் டைப் செய்கிறேன். "கையை இறுக்கிப் பின்னுகிறாய். வீட்டுக்காரர் மேல் கோபமா?"

கீதா: ஐயோ, கோபமெல்லாம் இல்லை பாட்டி!

போஜன்: கீதா, அது அமெரிக்க பேட்டர்னா?

கீதா: ஆமாம் அங்கிள். எப்படித் தெரியும்?

போஜன்: அங்கே 8 என்றால் 5 மி.மீ. ஊசி. நம் கடைகளில் கிடைக்கும் 8 பழைய பிரிட்டிஷ் கணக்கு, அது 4 மி.மீ. அவர்களுக்கு நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். நமக்கு நம்பர் கூடினால் மெலியும். நம் 12-ஆம் நம்பரை எடுத்துப் பாருங்கள், 2.75 மி.மீ.தான். பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 18 ஸ்டிச் என்று எங்காவது போட்டிருக்கும். நீங்கள் பின்னியதில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 22 இருக்கும்.

கீதா: 22 இருக்கிறது!! பேட்டர்னிலும் 18 என்றுதான் இருக்கிறது.

போஜன்: 90-ஐ 22-ஆல் வகுத்தால் 4.09. அதாவது 41 செ.மீ. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. இனி நம்பரைப் பார்க்காதீர்கள், மி.மீ. மட்டும் பாருங்கள்.

லலிதா: இதற்குத்தான் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

மும்தாஜ்: நீங்கள் அளந்து பார்த்து நான் பார்த்ததே இல்லையே அக்கா.

லலிதா: சொல்வது என் கடமை.

கீதா: அப்போது முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

ராஜம் பாட்டி: "பிரிக்காதே. முன்னும் பின்னும் சேர்த்தால் 82 செ.மீ. சுற்றளவு. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தாராளமாக இருக்கும். உன் அக்கா மகன் இருக்கிறானே. கை நீளத்தை மட்டும் குறைத்துக்கொள்."

கீதா: அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் பாட்டி. ஆனால் இவர் தினமும் "என் ஸ்வெட்டர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது" என்று கேட்கிறார்.

மும்தாஜ்: அடுத்த குளிருக்கு வரும் என்று சொல். என் வீட்டில் நான்கு குளிராக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் இரவு

ரோசி சிஸ்டர்: டியூட்டி முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் குழந்தைத் தொப்பி பின்னித் தருவது பற்றிக் கேட்டிருந்தீர்களே, வார்டில் பேசிவிட்டேன். வாங்கிக்கொள்வார்கள். குறைமாதத்தில் பிறந்தவை, இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருப்பவை, இவர்களுக்குத்தான் அவசரத் தேவை. பிறந்த குழந்தையின் உடம்பில் தலையே ஒரு பெரிய பங்கு, சூடு அந்த வழியாகப் போய்விடும். கங்காரு முறையில் அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும்போது குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின், இவ்வளவுதான் உடுப்பு.

லலிதா: அளவு?

ரோசி சிஸ்டர்: மாதம் நிறைந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 34, 35 செ.மீ. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு 28 அளவில் இருக்கும். ஒரு பெரிய ஆரஞ்சை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கடையில் அந்த அளவுக்குத் தொப்பி கிடைப்பதில்லை. இருப்பதைப் போட்டால் கண்ணை மூடிவிடும்.

ரோசி சிஸ்டர்: அப்புறம், குஞ்சம், பட்டன், ரிப்பன், முத்து எதுவும் வேண்டாம். நூல் முனை வெளியே நீட்டக் கூடாது. ஓட்டை டிசைன் போட்ட சாக்ஸும் வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் வெந்நீரில் துவைப்போம், அதனால் அசல் கம்பளி சரிப்படாது, சுருங்கிவிடும். முடி உதிரும் புசுபுசு நூலும் வேண்டாம்.

மும்தாஜ்: காட்டன் கலந்த பேபி நூல் எடுக்கலாமா? நாளை கோவை போகிறேன்.

ரோசி சிஸ்டர்: அதுவே எடுங்கள்.

லலிதா: லேபிளில் லாட் நம்பரை, அதாவது சாயம் போட்ட தொகுதி எண்ணைப் பார்த்து எல்லாம் ஒரே லாட்டில் வாங்கு. போன வருடம் ஒரே நீலம் என்று வாங்கியது இரண்டு நீலமாக வந்தது.

மும்தாஜ்: தொப்பி தனித்தனிதானே அக்கா, இரண்டு நீலம் இருந்தால் என்ன?

லலிதா: அதுவும் சரிதான். இருந்தாலும் பார்.

போஜன்: கணக்கு சொல்கிறேன். அந்த நூலில் 10 செ.மீ.க்கு 24 ஸ்டிச் வந்தால், 28 செ.மீ.க்கு 68 போடலாம். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று பார்டர் போட நான்கால் வகுபட வேண்டும், 68 வகுபடும். பார்டர் இழுத்துக் கொடுக்கும், இறுக்காது.

லலிதா: ஓரத்தைச் சேர்த்துத் தைத்தால் அந்த மேடு குழந்தைத் தலையில் உறுத்துமே அண்ணா.

போஜன்: வட்டமாகப் பின்னினால் தையலே இல்லை. 40 செ.மீ. வட்ட ஊசி இந்தத் தொப்பிக்கு நீளம், ஸ்டிச் எட்டாது. சாக்ஸ் பின்னும் ஐந்து ஊசி செட் இருந்தால் கொண்டு வாருங்கள். என்னிடம் இரண்டு செட் இருக்கிறது.

கீதா: தொப்பி ஓரத்தில் தோடர் எம்ப்ராய்டரி மாதிரி சிவப்பு, கறுப்பில் ஏதாவது போடலாமா? ஊட்டியில் சால்வை பார்த்தேன், அவ்வளவு அழகு.

ரோசி சிஸ்டர்: உள்பக்கம் நூல் ஓடும், குழந்தைக்கு உறுத்தும். வேண்டாம் கீதா.

போஜன்: அது துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை. முன்கூட்டி வரைந்துகொள்வதும் கிடையாது. பின்னலில் அப்படி வராது. 2013-லேயே புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். பிடித்திருந்தால் அவர்களிடமே ஒரு சால்வை வாங்குங்கள்.

கீதா: வாங்குவதாகத்தான் இருக்கிறேன். விலையைப் பார்த்துத் தயங்கினேன்.

ராஜம் பாட்டி: "ஒரு சால்வைக்கு எத்தனை நாள் கண் நோகும் என்று யோசி. விலை சரியாகத்தான் தெரியும்."

வெள்ளி

லலிதா: அப்புறம், ஆளுக்குச் சில சதுரம் போட்டு இணைக்கிறோமே, அந்தக் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை. சதுரம் 15 செ.மீ. என்று சொல்லியிருந்தேன். நேற்று இரவு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். 13 இருக்கிறது, 17 இருக்கிறது, ஒன்று சதுரமே இல்லை.

மும்தாஜ்: 2016-ல் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். நம்மால் ஒரு கட்டிலைக் கூட மூட முடியவில்லை.

லலிதா: அங்கே ஸ்கேல் வைத்து அளந்திருப்பார்கள்.

ராஜம் பாட்டி: "13 என்னுடையது. சின்னதைச் சுற்றி இன்னொரு வரிசை போட்டால் 15 ஆகிவிடும். 17 போட்டவர்தான் பிரிக்க வேண்டும்."

மும்தாஜ்: 🙈

மும்தாஜ்: (படம்) கடையில் இருக்கிறேன். வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, வெள்ளை மூன்றும் ஒரே லாட்டில் இருக்கிறது. பிங்க், நீலம் வேண்டுமா?

ரோசி சிஸ்டர்: பிங்க், நீலம் வேண்டாம். யார் யாருக்கு எது என்று அங்கே வேறு பேச்சு கிளம்பும். மஞ்சளும் பச்சையும் போதும். வெள்ளையில் கறை தெரியும்.

லலிதா: பத்துப் பந்து எடு. பில்லைக் குழுவில் போடு, நாளை எல்லோரும் பங்கு கொடுத்துவிடுவோம்.

போஜன்: நீ வரும் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோட்டில் ஒரு பக்கம்தான் விடுகிறார்களாம். இருட்டுவதற்குள் கிளம்பி வந்துவிடும்மா.

மும்தாஜ்: சரி அங்கிள். மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். ஐந்து ஊசி செட்டும் ஒன்று வாங்கினேன், 4 மி.மீ. நம்பரைப் பார்க்கவே இல்லை.