ஜுஹு மணல் உருண்டையும் பாந்த்ரா தட்டை நண்டும்

சயான் வாசகி:
வத்தத்துல, அதாவது கடல் தண்ணி இறங்கின நேரத்துல, மும்பை ஜுஹு மணல் முழுக்க மிளகு அளவு உருண்டைகள், நடுவுல ஒரு பொந்து. இது முட்டையா? பாந்த்ரா பாறையில கல்லைப் புரட்டினா தட்டையா ஒரு நண்டு, மூணு ஜோடி நடைக்கால்தான் தெரியுது. பிடிச்சதும் கொடுக்கை விட்டுட்டு ஓடிடுச்சு. ஊனமானதா?

அலைக்கோடு:
முட்டை இல்லைங்க. ‘மணல் உருண்டை நண்டு’ன்னு ஒரு சின்ன நண்டோட சாப்பாட்டு மிச்சம். மணலை வாயில போட்டு, அதுல ஒட்டின பாசித்துணுக்கை மட்டும் எடுத்துக்கிட்டு, மீதியை உருட்டிப் போடும். லென்ஸ் வச்சு அதோட தொடையைப் பாருங்க, மெல்லிய ஜவ்வு ஜன்னல் தெரியும். முதல்ல காதுன்னு நினைச்சாங்க. உண்மையில காத்துலேர்ந்து ஆக்ஸிஜன் இழுக்கிற இடம் அது.

மாதுங்கா நண்பன்:
தட்டை நண்டு ஊனமில்லை, பீங்கான் நண்டு. நாலாவது ஜோடி சின்னதா உடம்போட மடிஞ்சிருக்கும். நிஜ நண்டுக்கு நடைக்கால் நாலு ஜோடி. இது நிஜ நண்டை விட, காலிச் சங்குக்குள்ள வாழற துறவி நண்டுக்குத்தான் நெருங்கின சொந்தம், தனியா நண்டு வடிவத்துக்கு வந்து சேர்ந்த கூட்டம். கொடுக்கை விடறது தப்பிக்கத்தான். சட்டை உரிக்க உரிக்கத் திரும்ப வளரும். ஆனா அதுக்குப் பெரிய செலவு, அதனால கையில பிடிக்காதீங்க.

அலைக்கோடு:
ஒண்ணு சேர்க்கிறேன். வத்தம் அடிமட்டத்துக்கு வர ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. புரட்டின கல்லை அதே பக்கமா மெதுவா வைங்க. அடிப்பக்கம் வெயில்ல காஞ்சா அங்க ஒட்டியிருக்கிறதெல்லாம் செத்துடும். துறவி நண்டைச் சங்கிலிருந்து இழுக்கவே கூடாது. மென்மையான வயிறு கிழியும், பிடி விடாது. வீட்டுக்கும் வேண்டாம், குழாய்த் தண்ணி அதைக் கொன்னுடும்.