மே மாசம் உங்க இறால் எதனால செத்துது? வேலூர் பக்கம் வளக்கறவங்க சொல்லுங்க

கோட்டை அகழி, சத்துவாச்சாரி

மூணு நாளா மனசே சரியில்ல. எழுதினா கொஞ்சம் ஆறும்னு எழுதறேன்.

மாடி போர்ஷன் வீடு. ரெண்டடி தொட்டி, 50 லிட்டர் தண்ணி. போன கார்த்திகையில கொளத்தூர் போய் 15 செர்ரி இறால் (அழகுக்கு வளக்கற செவப்புப் பொடி இறால்) வாங்கினேன். கவரை மடியிலயே வெச்சிக்கினு காட்பாடி வரைக்கும் ரயில்ல வந்தேன். எங்க ஆயா கவரைத் தூக்கிப் பாத்துட்டு, "ஒண்ணு 40 ரூபாயா? அந்தக் காசுக்கு மார்க்கெட்டுல ஒரு கூறு கூனி வாங்கி கொழம்பு வெச்சிருக்கலாமேடா"ன்னாங்க.

பொங்கலுக்கு முன்னாடியே மொத குஞ்சு பாத்துட்டேன். மார்ச் கடைசியில எண்ணிப் பாத்தா 60க்கு மேல. எண்ணுறதுன்னா சும்மா இல்ல, பாசிக்குள்ள இருந்து ஒண்ணு வெளிய வந்தா ரெண்டு உள்ள போவும்.

ஏப்ரல்ல ஆரம்பிச்சிது வெயில். மாடி வீடு, பகல்ல தளம் காயற சூடு ராத்திரிதான் உள்ள எறங்கும். தொட்டித் தண்ணி 33 டிகிரி. ஒரு சின்ன டேபிள் ஃபேனை தண்ணி மேல காத்து படற மாதிரி வெச்சேன், 29க்கு எறங்கிச்சு. மண்பானை குளிர்ற மாதிரிதான். நம்மூர்ல வறட்டு வெயில், மெட்ராஸ் மாதிரி கசகசப்பு கிடையாது, அதனால ஃபேன் நல்லாவே வேலை செய்யுது. தண்ணி மட்டும் மளமளன்னு கொறையும். தினம் காலையில ஒரு சொம்பு ஊத்தி கோடு வரைக்கும் ரொப்பிடுவேன். அவ்ளோதான் பராமரிப்பு.

அக்னி நட்சத்திரம் முடியற நேரம். "இனிமே பயமில்ல"ன்னு நெனச்சப்பதான் தினம் ஒண்ணு ரெண்டுன்னு விழ ஆரம்பிச்சிது. பயந்து போய் ஒரே மூச்சுல பாதித் தண்ணிய எறைச்சி, புதுசா ஊத்தினேன். மறுநாள் காலையில லைட்டைப் போட்டா தரை முழுக்க ரோஸ் கலர்ல, சட்டியில வெந்த மாதிரி கெடக்குது.

இப்ப மிச்சம் 9. வெயில்தான் கொன்னுடுச்சுன்னு நெனைக்கிறேன். உங்க வீட்ல என்ன நடந்துது?


தீப்பெட்டி, குடியாத்தம்

எனக்கு வெயில்ல ஒண்ணும் போகல. ஐப்பசி மழையில போச்சு.

மழை வந்தா எங்க தெருவுல கொசு. ப்ளக்ல சொருகற லிக்விட் மருந்து ஒண்ணு வாங்கியாந்து ஹால்ல போட்டோம். தொட்டியும் ஹால்லதான். ப்ளக் பாயிண்ட் ஒண்ணுதான் காலியா இருந்துது, அதுக்கு நேர் மேல ஷெல்ஃப்ல ஏர் பம்பு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி ராத்திரி முழுக்க. பம்பு அந்த ரூம் காத்தைத்தானே உறிஞ்சி தண்ணிக்குள்ள குமிழ் குமிழா விடுது? மறுநாள் இறால் ஒண்ணொண்ணும் மல்லாந்து கால உதறிக்கினு இருந்துது. மீன் எல்லாம் ஜம்முனு சுத்துது, அதான் எனக்குப் புரியவே இல்ல.

அப்புறம்தான் படிச்சேன். அந்த மருந்து பைரித்ராய்டு வகை, பூச்சிக்குன்னே செஞ்சது. இறாலும் பூச்சியும் பங்காளிங்க. ஆறுகாலு, பத்துக்காலுன்னு எண்ணிக்கை மாறுமே தவிர ஒடம்பு ஒரே வம்சம். மீனைச் சாகடிக்காத அளவு மருந்தே இறாலைச் சாகடிச்சிடும்.

இப்ப கொசுவலைதான். பம்பை ஜன்னல் ஓரம் மாத்திட்டேன்.


மக்கன்பேடா, ஆற்காடு

படிக்கும்போதே வயிறு கலங்குது. என் கதை வேற மாதிரி. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

நான் ஸ்கூலுக்குப் போனதும் பகல்ல தொட்டியைப் பாத்துக்கறது எங்க அத்தைதான். மாமியார்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க, அத்தைன்னே சொல்றேன். எனக்கு முன்னாடி அவங்கதான் இறாலுக்குப் பேரு வெச்சாங்க. ஒரு நாள் தொட்டியில தண்ணி கொறைஞ்சிருக்குன்னு, "பாவம் வாயில்லா ஜீவன், குழாத் தண்ணி எதுக்கு"ன்னு நாங்க குடிக்கிற செப்புக் குடத்துத் தண்ணியை ரெண்டு சொம்பு ஊத்திட்டாங்க. நல்ல தண்ணி ஊத்தறோம்ங்கற எண்ணம்தான். முந்தின நாள்தான் அந்தக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, பளபளன்னு கவுத்து வெச்சு, ராத்திரி தண்ணி புடிச்சது.

சாயங்காலம் நான் வந்து பாக்கறேன். நத்தை எல்லாம் ஓட்டுக்குள்ள சுருங்கிக் கெடக்கு. இறால் கண்ணாடியில முட்டி முட்டி மேலயும் கீழயும் பாயுது. ராத்திரிக்குள்ள 20 போயிடுச்சு.

செம்பு தண்ணியில கொஞ்சம் கரைஞ்சாலும் இறாலுக்கு ஆவாது, செவுளைப் பிடிச்சிடும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கற எடத்துல அதுங்க ரத்தத்துல இருக்கறதே செம்புதான். அதனாலதான் அதுங்க ரத்தம் நீலம். உள்ள இருக்க வேண்டியது வெளிய இருந்து வந்தா விஷம்.

மீனுக்கு வாங்கற மருந்து பாட்டில்லயும் பாருங்க. காப்பர் சல்பேட்னு இருந்தா இறால் தொட்டிப் பக்கமே கொண்டு போவாதீங்க. அத்தை கிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் காரணத்தைச் சொல்லல. குடத்துல கை வெக்காம இருக்கறதுக்கு, தொட்டி பக்கத்துல "இறால் தண்ணி"ன்னு எழுதி ஒரு பிளாஸ்டிக் கேன் வெச்சிட்டேன். அதுல இருந்து ஊத்தறாங்க.


முள்ளுக்கத்திரி, அணைக்கட்டு

எல்லாரும் செத்த கதையே சொல்றீங்க, நான் சாகாத கதை சொல்றேன். வாங்கின நாலாம் நாள் ஒண்ணு அசையாம கெடந்துது, கண்ணாடி மாதிரி. நானும் என் தம்பியும் துக்கத்தோட எடுத்து ரோஜாத் தொட்டியில பொதைச்சோம். மறுநாள் இன்னொண்ணு. எண்ணிப் பாத்தா கணக்கு ஒண்ணும் கொறையல! அது கழட்டிப் போட்ட சட்டை. வெறும் ஓடுன்னா உள்ள பாத்தா அந்தப் பக்கம் தெரியும். செத்ததுன்னா ரோஸா, வெளுத்து, கெட்டியா இருக்கும். ஓட்டை எடுக்காம விட்டுடுங்க, அதுங்களே கொறிச்சிடும். அதுல இருக்கற சுண்ணாம்பு அதுங்களுக்கு வேணும்.


காட்பாடி ஜங்ஷன்

கோட்டை அகழி அண்ணே, ஒரு கேள்வி. தினம் ஒரு சொம்பு ஊத்தினேன்னு சொன்னீங்களே, அது எந்தத் தண்ணி?


கோட்டை அகழி, சத்துவாச்சாரி

போர் தண்ணிதாம்பா. தொட்டி வெக்கும்போது கடையில சொன்ன மாதிரி ஒரு பங்கு போர், ரெண்டு பங்கு ஆர்.ஓ. கலந்துதான் வெச்சேன். பாதி மாத்தினப்பவும் அதே கலவைதான். தினம் ரொப்பறது ஒரு சொம்புதானே, அதுக்கு எதுக்குக் கலந்துக்கினு இருக்கணும்னு நேரா குழாயில புடிச்சி ஊத்திடுவேன்.


காட்பாடி ஜங்ஷன்

அங்கதான் இருக்குது விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க, நானும் இதையே செஞ்சவன்.

ஃபேன் காத்துல போறது வெறும் தண்ணி. அதுல இருந்த உப்பு, சுண்ணாம்பு எல்லாம் தொட்டியிலயே தங்கிடும். கொழம்பு சுண்டினா கரிக்குமே, அந்தக் கணக்கு. சுண்டின கொழம்புல நாம வெறும் தண்ணி ஊத்துவோம். நீங்க தினம் ஒரு கரண்டி உப்புத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. ஃபேன் எவ்ளோ நல்லா வேலை செஞ்சுதோ அவ்ளோ வேகமா சுண்டியிருக்கும்.

தண்ணியில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டி.டி.எஸ். மீட்டரை யார்கிட்டயாவது வாங்கி மூணு எடத்துல வெச்சுப் பாருங்க: போர், கலவை, தொட்டி. செர்ரி இறாலுக்கு 150லேர்ந்து 300 வரைக்கும் இருந்தா சௌகரியம், கொஞ்சம் மேல போனாலும் தாங்கும். மெல்ல மெல்ல ஏறினா பழகிக்கும். அந்தப் பழக்கத்தைத்தான் நீங்க ஒரே நாள்ல பக்கெட்டால ஒடைச்சிருக்கீங்கன்னு என் சந்தேகம். உப்பு ஜாஸ்தி இருந்த தண்ணியில இருந்து திடீர்னு கம்மி தண்ணிக்கு வந்தா ஒடம்புக்குள்ள தண்ணி ஏறும். சட்டை கழட்ட நேரம் வராமயே கழட்ட ஆரம்பிச்சிடும், பாதியில மாட்டிக்கினு செத்துடும்.


கோட்டை அகழி, சத்துவாச்சாரி

பக்கத்து வீட்டு வாட்டர் கேன் போடற பையன்கிட்ட மீட்டர் வாங்கினேன். போர் 750. ஆர்.ஓ. 50. கலவை 280. தொட்டி 620.

தம்பி சொன்னதை வெச்சு பின்னாடி கணக்கு போட்டேன். பாதி மாத்தினதுக்கப்புறமே 620ன்னா, மாத்தறதுக்கு முன்னாடி 960 இருந்திருக்கணும். இன்னொரு வழியாவும் போட்டுப் பாத்தேன். என் சொம்பு முக்கால் லிட்டர், 60 நாளுக்கு 45 லிட்டர் போர் தண்ணி. 45ஐ 750ஆல பெருக்கி 50ஆல வகுத்தா 675. ஆரம்பத்துல இருந்த 280ஐச் சேத்தா 955. ரெண்டு கணக்கும் ஒண்ணு போல வந்துட்டுது. வாய்ப்பாடு மேல இவ்ளோ கோவம் எனக்கு ஸ்கூல்ல கூட வந்ததில்ல.

960ல இருந்து ஒரே ராத்திரியில 620. வெயில் மேல பழி போட்டுக்கினு இருந்தேன். ஃபேன் போட்டு வெயில்லேர்ந்து காப்பாத்தினவனும் நான்தான், பக்கெட்டை எடுத்தவனும் நான்தான்.


வாலாஜா

இந்தத் தலைப்பைப் பாத்துட்டு யாராவது நாளையிலிருந்து வெறும் ஆர்.ஓ. தண்ணியில இறால் விடப் போறாங்க, அதுக்கு முன்னாடி என்னுடையதைச் சொல்லிடறேன்.

எங்க பக்கம் நிலத்தடி நீர் எப்படின்னு உங்களுக்கே தெரியும். தோல் ஷெட்டுத் தண்ணி பாலாத்துல கலக்கற விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996ல தீர்ப்பே வந்துது. எங்க போர் 1900 காட்டும். அதைத் தொடவே மாட்டேன்னு முழுக்க முழுக்க ஆர்.ஓ. தண்ணி விட்டேன். பாக்க பன்னீர் மாதிரி இருந்துது. மூணு வாரம் வரைக்கும் ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒரு பெரிய பொட்டை, கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவுல சுத்தி வெள்ளையா நூல் கட்டின மாதிரி ஒரு வளையம். அந்த எடத்துல ஓடு வெடிச்சிருக்கு, ஆனா வெளிய வர முடியல. ஒரு காலை உருவிப் பாக்குது, நிறுத்துது, திரும்ப உருவுது. ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து பாத்தேன். காலையில அதே வளையத்தோட கெடந்துது.

வெறும் ஆர்.ஓ. தண்ணியில சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் இருக்காது. அது ரெண்டும் எவ்ளோ இருக்குன்னு சொல்ற அளவுதான் ஜி.எச்.ங்கறது. சொட்டு மருந்து விட்டுப் பாக்கற கிட்டுல எனக்கு ரெண்டாவது சொட்டுலயே நிறம் மாறிடுச்சு. 6லேர்ந்து 8 சொட்டு வந்தா நிம்மதி. இறாலுக்குன்னே தாது உப்புப் பொடி விக்கறாங்க, அதை ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு ஜி.எச். 7ல நிறுத்தறேன். கணவாய் ஓடும் ஒரு துண்டு கெடக்குது, அது நிதானமா கரையற சாமான், அதை மட்டும் நம்பாதீங்க.

ஒரு விஷயம்: டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்பையும் ஒண்ணாச் சேத்துதான் சொல்லும். சுண்ணாம்பா, சாதா உப்பான்னு அதுக்குத் தெரியாது. அப்பார்ட்மென்ட்டுல உப்பு போட்டு கடினத்தைக் கொறைக்கற மெஷின் இருந்தா மீட்டர் 300 காட்டினாலும் இறாலுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதுல இருக்காது.


தீப்பெட்டி, குடியாத்தம்

ஏ.சி.யில இருந்து சொட்டற தண்ணியும் சுத்தம்தானே, ரொப்பறதுக்கு அதை ஊத்தலாமா?


மக்கன்பேடா, ஆற்காடு

வேணாங்க. அது செப்புக் குழாய் மேல வழிஞ்சி வர்ற தண்ணி. என் குடத்துக் கதையை மறுபடியும் ஒரு தடவை படிங்க.


கோட்டை அகழி, சத்துவாச்சாரி

ஆடி கடைசி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.

620ஐ எறக்க அவசரப்படல. மெடிக்கல்ல ஒரு புது டிரிப்ஸ் செட்டு வாங்கினேன். நம்மூர்ல அதுக்கு என்ன பஞ்சம், சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ல தடுக்கி விழுந்தா மெடிக்கல் ஷாப்தான். கலவைத் தண்ணி கேனை மேல தூக்கி வெச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் எடுக்கறது, ரெண்டு லிட்டர் சொட்டு சொட்டா எறக்கறது. ஆயா வந்து பாத்துட்டு, "யாருக்குடா டிரிப்ஸ்?"ன்னாங்க. 350 பக்கம் எறங்க ஒன்றரை மாசம் ஆச்சு. தினம் ரொப்பறதுக்கு இப்ப ஆர்.ஓ. மட்டும்தான். கலவை, மாத்தும்போது மட்டும். கேன் மேல எழுதியே ஒட்டிட்டேன், அந்த ஐடியா ஆற்காடு அக்கா குடுத்தது. தெருவுல நாட்டு பாதாம் மரத்துலேர்ந்து தானா விழுந்த காஞ்ச எலை ரெண்டு, வாரத்துல ஒரு நாள் வெந்நியில போட்டு எடுத்த முருங்கைக்கீரை ஒரு இணுக்கு. வேற எதுவும் போடறதில்ல.

9ல ரெண்டு அப்புறமும் போச்சு. மிச்சம் 7. போன வாரம் ஒண்ணு வயித்துக்கு அடியில மஞ்சளா முட்டை கட்டிக்கினு பாசி மேல உக்காந்திருந்துது. லென்ஸ் வெச்சுப் பாத்தேன், 20க்கு மேல இருக்கும். வயித்துக் காலை விசிறி மாதிரி வீசிக்கினே இருக்குது, நடுவுல நடுவுல ஒவ்வொரு முட்டையா பொரட்டி விடுது. இப்ப 28 டிகிரி, மூணு வாரத்துல வந்துடும்னு நெனைக்கிறேன்.

பாசி நெறைய வளந்துடுச்சு. சத்துவாச்சாரி பக்கம் வர்றவங்க ஒரு டப்பா எடுத்துக்கினு வாங்க, தரேன். வாங்கிக்கினு போனா நேரா தொட்டியில போடாதீங்க, தனியா ஒரு பாட்டில்ல பத்து நாள் வெச்சிட்டு போடுங்க. பாசி வளர்ற எங்க மொட்டை மாடி தொட்டியில தட்டான் முட்டை வைக்குது, அதோட புழு ஒண்ணு உள்ள போனா குஞ்சு எல்லாம் காலி.