புதுப்பிப்பு: பூசானில் ஒரு நாள், எது சரிப்பட்டு வந்தது
தென்கொரியாவின் பூசான் நகரில் ஒரு நாளில் எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'காலையிலேயே கம்சொன் மலைக்கிராமம், அப்புறம் கீழே சந்தைகள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. தோசொங் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சின்னப் பேருந்தில் மேலே போனோம். கூட்டம் சேர்வதற்குள் வண்ண வீடுகளை நிதானமாகப் பார்த்துவிட்டோம்.

மதியம் ஜகல்ச்சி மீன் சந்தை. கீழே மீன் வாங்கினால் மாடியில் சமைத்துத் தருகிறார்கள். மேசைக்குத் தனிக் கட்டணம் என்பதை எதிர்பார்க்கவில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிஃப் சதுக்கத்தில் விற்கும் ஹொத்தோக் என்ற இனிப்புப் பலகாரத்தை விடாதீர்கள். பொரித்த மாவைக் கத்தரியால் கீறி, உள்ளே விதைகளைத் திணித்து, காகிதக் குவளையில் தருகிறார்கள். சர்க்கரைப் பாகு கொதிக்கும், ஆறவிட்டுக் கடியுங்கள். துணிமணி வாங்க குக்ஜே சந்தை பக்கத்திலேயே இருக்கிறது.

கூகுள் வரைபடத்தில் நடைவழி வரவில்லை. நேவர் என்ற கொரிய வரைபடச் செயலிதான் காப்பாற்றியது. அதைச் சொன்னவருக்குத் தனி நன்றி.