எக்ஸ்ட்ரா லைட்டுக்கு ஸ்விட்ச் எங்கே வைத்திருக்கிறீர்கள்?
வணக்கம் நண்பர்களே. லாரிக்கு முன்னால் இரண்டு ஃபாக் லைட், பின்னால் லோடு இறக்க ஒரு வொர்க் லைட் மாட்டியாச்சு. ரிலே (கொஞ்சம் கரண்ட்டை வைத்து லைட்டின் பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் பெட்டி), ஃபியூஸ் எல்லாம் பேட்டரி பக்கத்திலேயே போட்டு வயரைக் கேபினுக்குள் இழுத்துவிட்டேன், ஸ்விட்ச் வைக்கத்தான் இடம் அமையவில்லை. இப்போதைக்கு மூன்று ஸ்விட்சும் இன்சுலேஷன் டேப்பில் ஸ்டீயரிங்குக்குக் கீழே தொங்குகின்றன, கிளட்ச் மிதிக்கும்போது முழங்கால் பட்டு வொர்க் லைட் எரிந்துவிட, பின்னால் வருகிறவர் ஹாரனிலேயே திட்டுகிறார்.

டாஷ்போர்டில் காலி ஸ்விட்ச் மூடியைக் கழற்றி ராக்கர் ஸ்விட்ச் வைக்கலாம் என்று பார்த்தால், மூடி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மேலே சன் வைசர் பக்கம் வைத்தால் பார்க்க அழகு, ஆனால் வயரை முன்கண்ணாடி ஓரத்துப் பில்லர் வழியாக ஏற்ற வேண்டும், ராத்திரியில் சாலையை விட்டுவிட்டு அண்ணாந்து தேடவும் வேண்டும். கியர் லீவர் பக்கம் தண்ணீர் பாட்டில் கவிழும் இடம், அது வேண்டவே வேண்டாம். ரிலே இருப்பதால் ஸ்விட்சுக்குக் கொஞ்சம் கரண்ட்தான் போகிறது, சின்ன ஸ்விட்சே போதும்.

டாஷ்போர்டில் புதிதாகத் துளை போட மனசு வரவில்லை. தனியாகத் தகடு வளைத்து மாட்டியவர்கள் யாராவது இருந்தால் போட்டோ போடுங்கள். அப்புறம், உள்ளே விளக்கு எரியும் ஸ்விட்ச் வாங்கினால் ராத்திரியில் கண் கூசுமா?