சோதனைக் களஞ்சியத்துக்கு ஆப்ட்லியா, ரெப்ரெப்ரோவா?

வணக்கம் நண்பர்களே. ஆப்ட்லி, ரெப்ரெப்ரோ இரண்டும் மென்பொருள் களஞ்சியம் நடத்தும் கருவிகள், எதை எடுப்பதென்று குழப்பம். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குத் தன்னார்வலர்கள் அனுப்பும் மென்பொருள் பொதிகளை எங்கள் சிறு குழு இதுவரை நேராகப் பயனர்கள் பதிவிறக்கும் பொதுக் களஞ்சியத்திலேயே ஏற்றிவந்தது. போன மாதம் ஒரு பொதியின் நிறுவல் ஸ்கிரிப்ட் பலருடைய அமைப்புக் கோப்பை அழித்துவிட்டது. பொதியைப் படித்துப் பிழை தேடும் லின்டியன் இதைக் கண்டுபிடிக்கவில்லை, அது எதையும் ஓட்டிப் பார்க்கிற கருவி இல்லையே!

இப்போது நடுவில் ஒரு சோதனைக் களஞ்சியம் வைக்கிறோம். மூல நிரல் உள்ள மூலப் பொதியை மட்டும் வாங்கி, எஸ்பில்ட் என்ற கட்டும் கருவியில் நாங்களே கட்டி, பியூபார்ட்ஸ் என்ற சோதனைக் கருவியில் நிறுவி நீக்கிப் பார்ப்போம். (கட்டிய பைனரியை அப்படியே வாங்கும் பழக்கம் இனி வேண்டவே வேண்டாம்.) சோதனைக் களஞ்சியத்தை விவரிக்கும் ரிலீஸ் கோப்பில் 'நாட்ஆட்டோமேட்டிக்' போட்டால், பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவி அதற்குத் தரும் முன்னுரிமை மிகக் குறைந்து 1 ஆகிவிடும், ஏற்கெனவே நிறுவியவை தானாக மேம்படாது. அதுவரை சரி.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஆப்ட்லியில் களஞ்சியத்தின் அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் முறை பிடித்திருக்கிறது, தவறு நடந்தால் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கே மாற்றிவிடலாம். ஆனால் பத்துப் பொதியில் மூன்று மட்டும் தேறினால், அந்த மூன்றை மட்டும் பொதுக் களஞ்சியத்துக்கு எப்படி நகர்த்துகிறீர்கள்? பொதி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் தனிக் களஞ்சியமா? ரெப்ரெப்ரோவில் ஒரு பொதியை மட்டும் நகலெடுப்பது எளிது, பழைய நிலைக்குப் பின்வாங்குவதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: இரண்டு களஞ்சியத்துக்கும் கையொப்பமிட ஒரே ஜிபிஜி சாவி போதுமா? எனக்குத் தனிச் சாவிதான் நல்லதென்று தோன்றுகிறது. குழுவில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.